அலுமினியத் தகட்டில் மைசூர்பாகு

ரேடார் அலையைக் குடித்துவிடும் ரப்பர் ஷீட் செய்வதுதான் என் வேலை. விமானத்தின் மேல் ஒட்டினால், வந்த அலை திரும்பிப் போகக் கூடாது. போனால் எதிரி பார்த்துவிடுவான். இரண்டு வருடமாகக் கரித்தூளைக் கலந்து கலந்து என் நகக்கண்ணெல்லாம் கறுப்பு. ஷீட் மட்டும் குடிப்பேனா என்று அடம்பிடித்தது. மறுநாள் ரிவ்யூ. இந்த முறையும் தேறாவிட்டால் திட்டத்தையே மூடிவிடுவார்கள்.

அன்று காலை சோதனை அறையில் அளந்தபோது வரைபடத்தில் கோடு பாதாளத்துக்கு இறங்கியது. அனுப்பிய அலையில் அநேகமாக எதுவும் திரும்பி வரவில்லை. எனக்குத் தலைகால் புரியவில்லை. காக்ஸ் டவுன் பக்கம் ஸ்கூட்டரை விரட்டி மைசூர்பாகு வாங்கி வந்தேன். அவசரத்துக்குத் தட்டு கிடைக்கவில்லை. ஜன்னலோரம் சாத்தியிருந்த அலுமினியத் தகட்டைத் துடைத்து, அதில் அடுக்கி எல்லோருக்கும் நீட்டினேன்.

எங்கள் டெக்னீஷியன் அக்கா ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு, "ஏம்மா, இது ஷீட்டுக்குப் பின்னாடி வைக்கிற பிளேட் ஆச்சே?" என்றார்.

அப்போதுதான் தகட்டை உற்றுப் பார்த்தேன். விமானத்தின் உடம்புக்குப் பதிலாக ஷீட்டின் பின்னால் இருக்க வேண்டிய தகடு அது. முந்தின நாள் பசையைச் சுரண்டக் கழற்றியவள், திரும்ப மாட்ட மறந்திருக்கிறேன். தடுக்க ஆளில்லாமல் அலை ஷீட்டைத் தாண்டிப் போய், சுவரெல்லாம் பதித்திருக்கும் கறுப்பு நுரைக் கூம்புகளில் அடங்கியிருக்கிறது. அலையைக் குடித்தது சுவர்.

அக்கா கேட்டது வேறு யார் காதிலும் விழவில்லை. வாயை மூடிக்கொண்டால் நாளைக்குத் தப்பிக்கலாம். அந்த நினைப்பு எனக்கு வந்தது, மறைப்பானேன். ஆனால் கால் மேலாளர் அறைக்குத்தான் போயிற்று.

அவர் இந்தக் கன்னட ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர், 'சும்மா' அவர் வாயில் 'சும்னே' ஆகிவிடும். திட்டுவார் என்று நின்றேன். "சும்னே டென்ஷன் ஆகாதே. நெய்யைத் தொடச்சிட்டு பிளேட்டை மாட்டு, இன்னொரு தடவை பாக்கலாம்" என்றார்.

தகட்டை மாட்டி அளந்தோம். பாதாளம் காணாமல் போயிருந்தது. ஒரே ஓர் இடத்தில் மட்டும் கோடு சின்னதாகப் பள்ளம் விழுந்திருந்தது. நான் இதுவரை செய்த எந்த ஷீட்டிலும் அது வந்ததில்லை.

ரிவ்யூவில் இரண்டு படத்தையும் வைத்து, முதலாவது என் தவறு என்றேன். குழுவுக்குத் தலைமை வகித்த அம்மையார் இரண்டாவதை மட்டும் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இதை எத்தனை தடவை அளந்தீங்க?"

"நாலு தடவை, மேடம். பிளேட்டோட."

"அப்ப இன்னும் ஆறு மாசம் எடுத்துக்குங்க."

வெளியே வந்து மாடிப்படியில் உட்கார்ந்து அழுதேன். கொஞ்சமே கொஞ்சம்தான், ஆனாலும் என் ஷீட் குடித்திருந்தது.