குருவிக்குப் பின்னால் ஒரு யன்னல்

மூன்று வருடங்களுக்கு முன், ஒரு பங்குனி மாதத்தில் தொடங்கியது. பாரிஸ் லா சப்பலில், கடைத்தெருவுக்குப் பின்னால் உள்ள பழைய கட்டடம் ஒன்றில் கீழ்வீடு எங்களுடையது. குசினிக் கதவைத் திறந்தால் சிறிய பின்முற்றம். குப்பைத் தொட்டிகள், நாலைந்து சைக்கிள்கள், நடுவில் ஒரு செடிப்பற்றை. அந்தப் பற்றைக்குத் தினமும் ஒரு குருவி வரும். நெஞ்சு செம்மஞ்சள் நிறம். பிரெஞ்சில் ‘ரூஜ் கோர்ஜ்’ என்பார்கள்.

உணவகத்தில் எனக்கு மாலை வேலை. காலையில் பொழுது போகாமல் பழைய கமரா ஒன்றும் நீள லென்ஸ் ஒன்றும் வாங்கினேன். முதல் மாதம் எடுத்ததெல்லாம் வாலும் இலையும்தான். மனைவி விழுந்து விழுந்து சிரித்தாள். நான் விடவில்லை. நின்று எடுப்பதை விட்டு, வாசலில் முழங்காலில் இருந்து குருவியின் உயரத்துக்கு லென்ஸை இறக்கினேன். குருவியின் கண் தெளிவாக விழும்வரை பொறுமையாகக் காத்திருந்தேன். கறுப்புச் சட்டை போட்டு அசையாமல் இருந்ததில், அது என்னைக் கணக்கிலேயே எடுக்காமல் கிட்ட வரத் தொடங்கியது. எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது.

ஒரே தொல்லை பின்னணி. பற்றைக்கு நேர் பின்னால் எதிர்வீட்டு யன்னல். வன்னியிலிருந்து புதிதாக வந்த ஓர் இளம் தம்பதி அங்கே இருந்தார்கள். அந்தப் பெண் யன்னலில் உடுப்புக் காயப்போடுவார். என் குருவியின் தலைக்குப் பின்னால் ஒரு பச்சைத் துவாயோ சிவப்புப் போர்வையோ தொங்கும். மனதுக்குள் திட்டிக்கொண்டே எடுப்பேன்.

ஒருநாள் பார்த்தால், அந்த யன்னலின் வெளிக்கதவு சாத்தியிருந்தது. சாம்பல் நிறப் பலகை. அடுத்த நாளும் திறக்கவில்லை, அதற்கடுத்த நாளும் இல்லை. எனக்கு அடித்தது யோகம்! சாம்பல் பின்னணியில் அந்தச் செம்மஞ்சள் அப்படி எடுப்பாக விழுந்தது. மூன்று கிழமையில் படங்களாக எடுத்துத் தள்ளினேன்.

பிறகொரு காலை, குப்பைத் தொட்டியடியில் அந்தப் பெண்ணின் கணவர் தயங்கித் தயங்கிக் கிட்ட வந்தார்.

“அண்ணை, குறை நினைக்காதேங்கோ. அந்தக் கமராவிலை ஆரை எடுக்கிறியள்?”

“குருவியைத்தான். ஏன்?”

“நான் சொன்னனான், அவ நம்புறா இல்லை. அங்கை முகாமிலை இப்பிடித்தான் கமராவோடை வந்து படம் எடுத்தவங்கள். பிறகு வந்து ஆக்களைக் கூட்டிக்கொண்டு போனவங்கள். அவவின்ரை அண்ணை திரும்பி வரேல்லை. இஞ்சை எங்கடை அகதிக் கேஸும் இன்னும் முடியேல்லை. மூண்டு கிழமையா யன்னல் திறக்க விடுறா இல்லை.”

கறுப்புச் சட்டையோடு முழங்காலில் இருந்து, அவர்கள் வீட்டை நோக்கி நீளக் குழலை நீட்டிக்கொண்டிருந்த என்னை, முதல் தடவையாக அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தேன். வெட்கமாக இருந்தது.

வாயால் சொல்லி என்ன பயன்? கமராவை எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன்.

“அவ ஆறுதலா எல்லாத்தையும் பாக்கட்டும். வேண்டாததை அழிக்கச் சொல்லுங்கோ.”

அடுத்த நாள் கமரா திரும்பி வந்தது. ஒரேயொரு படம் மட்டும் அழிக்கப்பட்டிருந்தது, யன்னல் சாத்துவதற்கு முன் எடுத்தது. குருவி சிறகை விரித்த கணம். பெரிதாக்கிச் சுவரில் மாட்டவென்று வைத்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது, பொய் சொல்லவில்லை. அதன் பின்னால் மங்கலாக ஒரு மண்ணிறக் கோடு இருக்கும். கிளை என்றே நினைத்திருந்தேன். அது உடுப்பு விரிக்கும் மனைவியின் கை என்று அவர் சொன்னார். நூறு தடவை பார்த்த படம். அதில் ஓர் ஆள் நின்றது எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து முற்றத்தின் மறுபக்கம் போய், அவர்கள் யன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தேன். பின்னணியில் இப்போது என் குசினிச் சட்டி பானைகள். படங்கள் கண்றாவியாக வந்தன. பத்து நாள் போயிருக்கும். என் பின்னால் பலகைக்கதவு கிறீச்சிட்டது. நான் திரும்பவில்லை. அதுவரை கேட்டிராத ஒரு குரல், மெதுவாக:

“அண்ணை, இண்டைக்கு வந்ததே?”

“ஓம் தங்கச்சி. பற்றைக்குள்ளை நிக்குது.”

அதற்குப் பிறகு நல்ல படங்கள் எத்தனையோ எடுத்துவிட்டேன், பாராட்டும் கிடைத்திருக்கிறது. ஆனால் என் முதுகை நம்பி ஒருவர் தன் யன்னலைத் திறந்த அந்தக் காலையைவிடப் பெரிய பாராட்டு எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை.