பார்க்கவில்லை என்று சொன்ன அம்பயர்

ரஹமத் மேடம் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு கேன்டீன் வாசலில் கிடைத்தது. கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் நான் வேலை பார்க்கும் கம்பெனியில் போனை வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். நாஷ்டாவுக்கு வந்து போனை எடுத்தால், மேடத்தின் கணவர் காதர் பாயிடமிருந்து வரிசையாக அழைப்புகள். திரும்பக் கூப்பிட்டேன். “சேகரு, உங்க மேடம் நம்மள உட்டுட்டுப் போய்ட்டாப்பா” என்றார். விடியற்காலைத் தொழுகை முடித்து உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லையாம். எனக்கு முதலில் வந்தது கோபம்தான். ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் இருக்கிறது, ஹோமில் அம்பயராக நான் நிற்கிறேன் என்று அவரே சொல்லியிருந்தார். இப்படியா செய்வது என்று வாய்விட்டே சொல்லிவிட்டேன். பக்கத்தில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

நம் மாவட்டத்தில் பேஸ்பால் ஆடும் உங்களில் அவரைத் தெரியாதவர் இருக்க முடியாது. புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். பழவேற்காட்டில் கருவாட்டு வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். பொன்னேரியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கும் காதர் பாயைக் கட்டிக்கொண்டு, அங்கேயே ஒரு பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்தார். தலையில் கருநீல முக்காட்டுத் துணி, அதன்மேல் தடித்த பவர் கண்ணாடி. அந்தக் கண்ணாடியைக் கழற்றினால் எதிரே நிற்பது ஆளா கம்பமா என்று அவரால் சொல்ல முடியாது.

பிரச்சினை அந்தக் கண்ணாடிதான். பந்தை அடிப்பவன் நிற்கும் இடம்தான் ஹோம்; மூன்று பேஸையும் சுற்றி ஓடித் திரும்ப அதை வந்து தொட்டால் ஒரு ரன். அவனுக்குப் பின்னால் கேட்சர் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருப்பான். அவன் முதுகுக்குப் பின்னால், கம்பி போட்ட இரும்பு மாஸ்க்கை மாட்டிக்கொண்டு குனிந்து நிற்பவர் ஹோம் அம்பயர். ஆட்டத்தில் பாதி அவர் வாயில்தான் இருக்கிறது. என்னைப் போன்ற மற்றவர்கள் மாஸ்க் இல்லாமல் பேஸ் பக்கம் நிற்போம். மேடத்துக்கு ஹோமில் நிற்க வேண்டும் என்று கொள்ளை ஆசை. மாவட்டச் சங்கத்தின் அப்போதைய செயலாளர் விடவே இல்லை. “மாஸ்க்குள்ள கண்ணாடி, அதுமேல வேர்வை, இதெல்லாம் பேஜாரு மேடம். நீங்க பேஸ்லயே நில்லுங்க” என்பார். “கண்ணு நல்லா இருக்கறவங்க தப்பாச் சொன்னா அது பேஜாரு இல்லியா சார்?” என்று மேடம் கேட்பார். அவர் காதில் விழாத மாதிரி போய்விடுவார். வருஷக்கணக்கில் இந்தக் கூத்து நடந்தது.

ஒரு சீசனில் ஹோமில் நிற்பவர் டெங்கு வந்து படுத்துவிட்டார். வேறு வழியில்லாமல் மேடத்தைக் கூப்பிட்டார்கள். மாஸ்க் போட்டால் மூச்சுக்காற்றில் கண்ணாடி மங்கிப்போகும். அதற்கு மேடம் ஒரு வழி வைத்திருந்தார். குளியல் சோப்பை ஈரமில்லாமல் கண்ணாடியில் லேசாகத் தேய்த்து, மெல்லிய துணியால் துடைத்துவிடுவார். அப்புறம் மங்காது. ஆனால் ஆட்டம் முழுக்க சோப்பு வாசனை அடிக்கும். “இன்னா மேடம், கண்ணாடியையும் குளிப்பாட்டிக் கூட்டியாந்தீங்களா?” என்று கேட்சர்கள் கிண்டல் செய்வார்கள். “நீயும்தான் ஒரு நாள் குளிச்சுட்டு வாயேன், நான் வேணாம்னா சொன்னேன்?” என்பார் மேடம். நாக்கு அப்படி!

இறுதி ஆட்டம் வந்தது. நம் மாவட்டத்து ஆரணி அணியும் காட்டுப்பள்ளி அணியும். கடைசி இன்னிங்ஸ், இரண்டு பக்கமும் ரன் சமம். காட்டுப்பள்ளிக்காரன் ஒருவன் பந்தை ஓங்கி அடித்தான். இரண்டாம் பேஸில் நின்ற ஆள் மூன்றாவதையும் தாண்டி ஹோமுக்கு ஓடி வருகிறான். பந்தும் வருகிறது. அவன் புழுதியைக் கிளப்பிக்கொண்டு சறுக்கி விழ, ஆரணி கேட்சர் பந்தோடு கையை இறக்கினான். கேட்சர் முதலில் தொட்டிருந்தால் அவுட், ஆட்டம் நீளும். இவன் கால் முதலில் பட்டிருந்தால் சேஃப்; கோப்பை காட்டுப்பள்ளிக்கு. இந்த மாதிரி நேரத்தில் நன்றாகப் பார்ப்பதற்காக அம்பயர் மாஸ்க்கைக் கழற்றிவிட வேண்டும். மேடம் இடது கையால் விருட்டென்று கழற்றினார். மாஸ்க்கோடு கண்ணாடியும் வந்துவிட்டது.

இது அந்த நொடியில் ஒருத்தருக்கும் தெரியாது. எல்லார் கண்ணும் புழுதியில் கிடந்த இரண்டு பேர்மேல் இருந்தது. கண்ணாடி மாஸ்க்குக்குள்ளேயே சிக்கிக்கொண்டு அவர் கையில் இருந்தது. நானும் கவனிக்கவில்லை. மைதானமே தீர்ப்புக்காக அவர் கையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். பிறகு எல்லாருக்கும் கேட்கும்படி, “நான் பாக்கல” என்றார்.

அம்பயர் வாயில் வரக்கூடாத வார்த்தை அது. தப்போ சரியோ, பட்டென்று கையைக் காட்டிவிட வேண்டும் என்பதுதான் எங்களுக்குள் எழுதாத சட்டம். அவர் என் பக்கம் திரும்பி, “சேகர், நீ பாத்தியா?” என்றார். பந்தைத் தொடர்ந்து நான் மைதானத்தின் நடுவே வந்திருந்தேன்; அங்கிருந்து தெளிவாகத் தெரிந்தது. கால் முதலில் பட்டது. சேஃப் என்று இரண்டு கையையும் விரித்தேன். காட்டுப்பள்ளிக்காரர்கள் குதித்தார்கள். ஆரணி கேப்டன் வேலு, டைல்ஸ் கம்பெனியில் வேலை பார்ப்பவன், நேராக மேடத்தின் முன்னால் வந்து நின்று, “கண்ணு தெரியாதவங்கள இன்னாத்துக்கு இங்க நிக்க வெக்கிறீங்க?” என்று கத்தினான். செயலாளர் அவனை அடக்கவில்லை. “நான் அன்னைக்கே சொன்னேன்” என்று மட்டும் சொன்னார். அடுத்த ஆட்டத்திலிருந்து மேடம் மறுபடி பேஸுக்குப் போனார்.

அன்று டீக்கடையில் நான் அவரிடம் சண்டையே போட்டேன். “நீங்க எடுத்து மாட்டற வரைக்கும் கண்ணாடி கழண்டது ஒருத்தனுக்கும் தெரியாது மேடம். சும்மா கையைக் காட்டியிருந்தா முடிஞ்சு போச்சு. கெடைச்ச எடத்த நீங்களே கெடுத்துக்கினீங்க!”

“காட்டியிருக்கலாம். எதுக்குக் காட்டறது, அவுட்டுக்கா சேஃபுக்கா? காசு சுண்டிப் பாக்கச் சொல்றியா?” என்றார். டம்ளரைக் கீழே வைத்தார். “ஆசையா இருந்துச்சு சேகர். அந்த எடத்துல நிக்கணும்னு எவ்ளோ நாளா ஆசை தெரியுமா?” என்றார். கண் கலங்கியிருந்தது. எனக்கு என்னவோ போல ஆகிவிட்டது. அவர் டீக்கும் நானே காசு கொடுத்தேன்.

அதோடு அவர் விட்டுவிடவில்லை. ஒரு நாள் அவர் வீட்டுக்குப் போனேன். வாசலிலேயே காதர் பாய் பிடித்துக்கொண்டார். “நீயே வந்து பாரு சேகரு, அடுப்புல பால் பொங்கிக்கினு கீது, இவ மாஸ்க்கக் கழட்டிக் கழட்டி மாட்டிக்கினு நிக்கிறா. எனக்குப் பைத்தியம் புடிக்குது!” மேடம் சமையலறையிலிருந்து மாஸ்க்கோடுதான் வந்தார். பொறுமையாகக் காட்டினார். அவசரத்தில் மேலே தூக்குவதால்தான் கண்ணாடி கூடவே வருகிறது. தாடைப் பக்கம் பிடித்து முதலில் நேரே முன்னால் இழுக்க வேண்டும், அப்புறம்தான் மேலே. காதில் மாட்டும் கம்பிகளையும் இப்போது முக்காட்டுக்கு உள்ளே போட்டிருந்தார். துணி அவற்றை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. அதன்மேல் மாஸ்க் அழுத்தியதில் இரண்டு நெற்றிப்பொட்டிலும் சிவந்து கன்றிப்போயிருந்தது. வலிக்கலையா என்று கேட்டேன். “வலிக்குது. அதுக்கு இன்னா இப்போ?” என்றார்.

அடுத்த சீசன் தொடங்கும் முன் கேப்டன்கள் கூட்டம். வேலு எழுந்தான். போச்சு, மேடத்தைப் பேஸிலிருந்தும் தூக்கச் சொல்லப்போகிறான் என்று நான் சட்டைக் கையை மடித்துக்கொண்டு தயாராக இருந்தேன். அவன், “ஹோம்ல ரஹமத் மேடத்தை நிக்க வையுங்க சார். எங்க டீமுக்கு அவங்கதான் வேணும்” என்றான். செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “உங்களத் தோக்க வெச்சவங்கப்பா அவங்க!”

“தோத்தோம் சார். அன்னைக்குக் கத்துனேன், இல்லன்னு சொல்லல. ஊட்டுக்குப் போய் யோசிச்சேன். பாக்காதத பாக்கலன்னு சொல்ற ஒரு அம்பயரை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. அவங்க அவுட்டுன்னா நான் வாயத் தொறக்காம வெளிய போவேன். மத்தவங்க சொன்னா எனக்கு அந்த நம்பிக்கை இல்ல.”

மற்றவர்களில் நானும் ஒருவன். எனக்குச் சுருக்கென்றது. மடித்த சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டேன். காட்டுப்பள்ளி கேப்டனும் எழுந்து எங்களுக்கும் அவங்கதான் என்றான். அன்று ஹோமுக்குப் போனவர், இறந்துபோகும்வரை அங்கேதான் நின்றார். அவரைப் பற்றிக் கத்தியவர்கள் உண்டு, கிண்டல் செய்தவர்கள் உண்டு. பொய் சொன்னார் என்று ஒருவரும் சொன்னதில்லை.

அடக்கத்துக்கு வந்தவர்களில் உங்களில் பாதிப் பேரைப் பார்த்தேன். வேலு மண் அள்ளிப் போட்டுவிட்டு என்னிடம் வந்து நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை நிறுத்தக்கூடாது என்று காதர் பாயே சொல்லிவிட்டார். மேடம் நிற்க வேண்டிய இடத்தில் நான் நின்றேன். நடு ஆட்டத்தில் ஒருவன் ஹோமுக்கு ஓடி வந்து சறுக்கினான். கேட்சர் குறுக்கே விழுந்தான். எனக்கு அவன் முதுகு மட்டும்தான் தெரிந்தது. என் கண்ணில் ஒரு குறையும் இல்லை. என் கை வழக்கம்போல அவுட் என்று காட்டப் பாதி எழும்பியும் விட்டது. அந்தக் கையை இறக்கினேன். “நான் பாக்கல” என்றேன். பேஸில் நின்ற அம்பயரிடம் கேட்டேன், அவர் சேஃப் என்றார். அவுட் கேட்டு நின்ற கேட்சர் என்னைப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் பந்தைத் திருப்பி எறிந்தான். அவ்வளவுதான்.

மேடம், உங்களிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது இந்த ஒரு வார்த்தையைத்தான். கேட்கும்போது சின்னதாகத்தான் இருந்தது. சொல்லும்போதுதான் கூட்டத்தில் தனியாக நிற்பது என்றால் என்ன என்று தெரிந்தது. கையில் கண்ணாடியோடு அன்று நீங்கள் எப்படி நின்றீர்கள் என்று இப்போதுதான் எனக்குப் புரிகிறது. அதை உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருக்கிறது. நீங்கள் இல்லை.