பெல்மதுளைக்கு ஒரு டெக் லீட்

வேலை தேடுகிறவனுக்குத்தான் நேர்முகத் தேர்வில் பயம் வரும் என்று நினைப்பவர்கள், பெல்மதுளை மாதிரிச் சின்ன ஊரில் மென்பொருள் கம்பனி நடத்திப் பார்க்காதவர்கள்.

2005-இல் கடைத்தெரு மாடியில் நான், நிமால், சிவா, தொழில்நுட்பப் பொறுப்புக்கு ஒரு டெக் லீட் என்று நான்கு பேர், தேயிலை ஃபெக்டரிகளுக்குக் கொழுந்துக் கணக்கு மென்பொருள் செய்துகொண்டிருந்தோம். அதன் உள்ளும் புறமும் தெரிந்த அந்த டெக் லீட் டுபாய்க்குப் போய்விட்டார். மாத முடிவுக்குள் பொறுப்பான ஆள் வராவிட்டால் கொழும்புக் கம்பனி ஒன்றிடம் போய்விடுவதாக எங்கள் ஒரே பெரிய வாடிக்கையாளரான கொடகவெல ஃபெக்டரி மனேஜர் சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அம்மாவுக்கு என்ன சொல்வது?

நேர்முகத் தேர்வுக்கு முதலில் வந்தவர் ருவான்வெல்லை ரப்பர் தோட்டத்துப் பிள்ளை, கொழும்பில் வேலை. கேட்டதற்கெல்லாம் டக்கு டக்கென்று பதில் சொன்னார். எப்போது சேரலாம் என்று நானே வழிந்து கேட்டேன். அவர் நெளிந்தார்.

"நான் தோட்டத்த விட்டுப் போகணும்னுதான் எங்கம்மா படிக்க வச்சாங்க. இப்ப திரும்பவும் தோட்டத்துப் பக்கம், பெல்மதுளைல வேலைன்னு எப்படிங்க சொல்றது?"

பின்னேரத்து இடி

அடுத்தவர் மதியம் தாண்டிப் பின்னேரத்தில் வந்தார். அவருக்கு எங்கள் புரோகிராமில் இருந்த பிழையொன்றைத் திருத்தக் கொடுத்தேன். அருமையாகத் திருத்திக்கொண்டிருந்தார். தூரத்தில் இடி உறுமியது. மின்னலில் கம்ப்யூட்டர் கருகிவிடும் என்பதால் எங்கள் ஊரில் அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. நிமால் டெலிபோன் வயரைப் பிடுங்க, சிவா எல்லா ப்ளக்கையும் கழற்ற, பழக்க தோஷத்தில் நான் மெயின் சுவிட்சை அணைத்துவிட்டேன். யூபிஎஸ் பெட்டரி எப்போதோ செத்து, அதன் மேல் தேத்தண்ணிக் கோப்பைதான் இருந்தது. அவர் செய்த வேலை அத்தனையும் போனது. இருட்டில் உட்கார்ந்தபடி, இது தினமும் நடக்குமா என்று மெதுவாகக் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் சிவா ஆறுதல் சொன்னான்.

"இல்லீங்க, பின்னேரத்துல மட்டுந்தான்."

மனேஜரும் வந்துவிட்டார்

கடைசியாக கொடகவெலயிலிருந்து சுபாஷினி வந்தார். அனுபவம் கொஞ்சம் குறைவு. அன்று பார்த்து மனேஜரும் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அதே பிழையைத்தான் கொடுத்தேன். பாதியில் இடி. சிவா எழுந்தான். சுபாஷினி திரும்பாமலே கையைக் காட்டி அவனை நிறுத்தினார், செய்ததை சேவ் பண்ணினார், பிறகு தானே குனிந்து ப்ளக்கைக் கழற்றினார். மனேஜர் சிங்களத்தில் ஏதோ கேட்க, சுபாஷினியும் சிங்களத்திலேயே விளக்கினார். இவர் சேர்ந்தால் கொழும்புக் கம்பனியிடம் போகமாட்டேன் என்று மனேஜர் என்னிடம் சொன்னார். நான் சுபாஷினியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வேலைக்கு வாரேங்க. ஆனா இனிமே எந்த ப்ளக்கக் கழட்டுறதுன்னாலும் என்னைக் கேட்டுட்டுத்தான் கழட்டணும். நீங்களுந்தான்."

இப்போதெல்லாம் நான் இடிக்குப் பயப்படுவதில்லை, சுபாஷினியின் காதில் யாராவது டுபாய் என்று சொல்லிவிடுவார்களோ என்றுதான் பயம்.