வேலன் கேட்ட பன்னிரண்டு கிலோ

என் மனைவிக்குக் கொடுக்க என்னிடம் ஒரு கிட்னி இருந்தது. ஆனால் கொடுக்க முடியவில்லை. குறுக்கே நின்றது என் தொப்பை. கிருத்திகை வழிபாட்டுக்கு வந்திருக்கும் அடியார்களே, இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் முருகன் செய்ததை வாய்க்குள் வைத்துக்கொள்ளக் கூடாது என்று மலர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். மலர்தான் என் மனைவி.

என் பெயர் குமரேசன். கிருஷ்ணகிரிப் பக்கம் சொந்த ஊர். பெங்களூரை ஒட்டிய சந்தாபுராவில் வாடகை வீடு. ஐடி பிள்ளைகள் தங்கும் ஒரு பி.ஜி.யில் பதினோரு வருடமாகச் சமையல்காரன். மலர் ஒரு கார்மென்ட்ஸ் கம்பெனியில் தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் வேலையில் இருந்தாள். அவளுக்கு வாய் ஓயாது. வீட்டுக்குள் நுழைந்ததும் செருப்பைக் கழற்றுவதற்குள் அன்று நடந்ததெல்லாம் சொல்லி முடித்துவிடுவாள். "கொஞ்சம் மூச்சு விடுடி" என்பேன்.

போன வருடத்துக்கு முந்தின ஆடியில் அவளுக்குக் கால் வீங்கியது. ஆவணியில் முகம் வீங்கியது. இரண்டு கிட்னியும் போய்விட்டது என்றார்கள். வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். வந்து படுத்தால் பேச்சே இல்லை. தண்ணீரைக்கூட அளந்து குடிக்க வேண்டும். உப்பு கூடாது, காய்கறியை வேகவைத்து நீரை வடித்துப் போட வேண்டும். நூறு பேருக்கு ருசியாகப் போடுகிற கை, கட்டினவளுக்குச் சப்பென்று வெந்த சுரைக்காயை நீட்டியது. அவள் முகம் சுளிக்காமல் சாப்பிடுவாள். அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, அவள் பழையபடி என்னைத் திட்டிவிட மாட்டாளா என்று ஏங்கினேன்.

புரட்டாசியில் எனக்குப் பரிசோதனை செய்தார்கள். ரத்தம் பொருந்தியது. சந்தோஷத்தில் ஆஸ்பத்திரி வராந்தாவிலேயே கை கூப்பினேன். ஆனால் டாக்டர் என் எடையைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். தொண்ணூற்று மூன்று கிலோ. சர்க்கரையும் எட்டிப் பார்க்கிறதாம். "இப்படியே எடுத்தா நாளைக்கு நீங்களும் அவங்க பக்கத்துல படுக்கணும். பன்னெண்டு கிலோ குறைச்சிட்டு வாங்க, பார்க்கலாம்" என்றார்.

பன்னிரண்டு கை உள்ளவன், கைக்கு ஒரு கிலோ கேட்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். ஜிம்முக்குப் போக வசதி ஏது? எனக்குத் தெரிந்தது விரதம்தான். செவ்வாய் விரதம் முன்பே உண்டு. அதோடு சஷ்டி, கிருத்திகை, வெள்ளி என்று சேர்த்துக்கொண்டேன். பகலெல்லாம் பச்சைத் தண்ணீர். இருட்டியதும் அரிசிச் சோறு படாமல் விரதம் முடிப்பேன். ஜவ்வரிசிப் பாயசம், உருளைக்கிழங்கு வறுவல், நாலு வாழைப்பழம், அப்புறம் கோயில் சர்க்கரைப் பொங்கல், பஞ்சாமிர்தம். பிரசாதத்தை மறுக்கலாமா?

மார்கழியில் எடை பார்த்தால் தொண்ணூற்று ஐந்து. விரதமிருந்து பெருத்த பக்தன் பெங்களூரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன். மலர் எடைச் சீட்டைப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்.

"எனக்கு உன் கிட்னி வேணாம் மாமா. நீ நல்லா இருந்தா போதும்."

அவள் சண்டை போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். விட்டுக்கொடுத்துவிட்டாளே, அதைத்தான் தாங்க முடியவில்லை. அடுத்த வாரமே நெஞ்சில் நீர் கோத்து மூச்சு முட்டியது அவளுக்கு. நாலு நாள் ஐ.சி.யூ.வில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

தை கிருத்திகை அன்று ஆனேக்கல் ரோட்டில் இருக்கும் சின்ன முருகன் கோயிலுக்குப் போனேன். கும்பிடப் போகவில்லை, சண்டை போடத்தான் போனேன். உனக்கு நான் என்ன குறை வைத்தேன்? பட்டினி கிடந்தேனே, பார்த்துக்கொண்டுதானே இருந்தாய்? ஒன்று அவளைக் கொடு, இல்லை என்னையும் எடுத்துக்கொள். அழுதுகொண்டே நின்றேன். குருக்கள் தொன்னை நிறையச் சர்க்கரைப் பொங்கலை நீட்டினார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"வேணாம் சாமி. இது என் பொண்டாட்டிய கொல்லுது."

அவர் கழுத்தை நீட்டி எட்டிப் பார்த்தார். எனக்குப் பின்னால் நீளமான வரிசை.

"ஒரு பருக்கைய கண்ணுல ஒத்திக்கிட்டு வாயில போடுங்க. மீதிய பக்கத்துல நிக்கிறவங்களுக்குக் குடுங்க. பிரசாதம் வயிறு நெறைக்கவா குடுக்குறோம்? நகருங்க, கூட்டம் நிக்குது" என்றார் எரிச்சலோடு.

அவர் எரிந்து விழுந்தார். என் காதில் வேலன் பேசினான். நாலு மாதமாக நான் அவனுக்காகப் பட்டினி கிடக்கவில்லை. இருட்டியதும் கிடைக்கப் போகும் பாயசத்துக்காகக் கிடந்திருக்கிறேன். ஒரு பருக்கையை வாயில் போட்டேன். மீதியை வெளியே பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மாவிடம் கொடுத்தேன். "இன்னும் இருக்கா?" என்று கேட்டார். சிரிப்பு வந்துவிட்டது.

மறுநாள் முதல் ஷேர் ஆட்டோவை விட்டேன். வீட்டிலிருந்து பி.ஜி.க்கு மூன்று கிலோமீட்டர். விடியும்போது நடந்து போவேன், வேலை முடிந்து நடந்தே வருவேன். முதல் வாரம் மேம்பாலத்தின் கீழே உட்கார்ந்து உட்கார்ந்து போனேன். பி.ஜி.யில் ஐந்து மாடி. லிப்டைத் தொடாமல் படிக்கு ஒரு "சரவணபவ" சொல்லி ஏறினேன். குண்டான் சாம்பாரில் ஒரு கிண்ணம் ஊற்றி ருசி பார்த்தவன், உள்ளங்கையில் ஒரு சொட்டோடு நிறுத்தினேன். மீந்ததை வீணாக்கக் கூடாது என்று கடைசியில் நானே தின்று தீர்ப்பேன், அதையும் நிறுத்தி அரிசியைக் குறைத்துப் போட்டேன். கேழ்வரகுக் களி, கீரை, கொள்ளு ரசம், அவித்த முட்டை, மோர். எதுவும் பெரிய செலவில்லை. சாயங்காலம் தின்ற பஜ்ஜிக்கு ஆன காசு இதற்குப் போதும்.

நேராக இறங்கிவிடவில்லை. பங்குனியில் ஒருநாள் வடை பொரிக்கும்போது மனசு விட்டுப்போய் எட்டு வடை தின்றேன். வீட்டில் வந்து மலரிடம் சொன்னேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அன்று நான் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: முருகா, இந்த முதுகை என் பக்கம் திருப்பு. மறுநாளும் நடந்தேன்.

ஆடி கிருத்திகைக்கு முதல் நாள் எடை எண்பத்தொன்று. சர்க்கரையும் சரி. டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு இரண்டாம் தடவை முள்ளைப் பார்த்தார். ஆவணியில் ஆபரேஷன். செலவுக்கு அவள் கம்பெனி இன்சூரன்ஸ் கை கொடுத்தது.

மூன்றாம் நாள் என்னைச் சக்கர நாற்காலியில் வைத்து அவள் அறைக் கண்ணாடிக்கு வெளியே கொண்டுபோய் நிறுத்தினார்கள். உள்ளே இருந்த நர்ஸ், மலரின் கட்டிலில் தொங்கிய மூத்திரப் பையைத் தூக்கிக் காட்டினார். நிறைந்திருந்தது. மஞ்சளாக, தெளிவாக. வெட்டுக்காயம் வலிக்க வலிக்க இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டேன். மூத்திரப் பைக்குக் கற்பூரம் காட்டாத குறைதான். நர்ஸ் போனை மலர் காதில் வைத்தார். நாற்காலியைத் தள்ளி வந்தவர் என் காதில் ஒன்றை வைத்தார்.

"என்னா மாமா, எல்லாரும் பாக்குறாங்க, இப்டியா அழுவ? மூஞ்ச தொடச்சிக்க. இட்லி சாப்டியா? மாத்திரை போட்டியா? அந்த அடுப்பு ரிப்பேர் பண்ண ஆள் வந்தானா இல்லியா?"

மூச்சு விடாமல் பேசினாள். நான் நிறுத்தச் சொல்லவில்லை.

அடியார்களே, இன்றும் நான் நடக்கிறேன். மலர் வேலைக்குப் போகிறாள். மாத்திரை வாழ்நாள் முழுக்க உண்டு, அதுவும் அவன் பார்த்துக்கொள்வான். உங்களுக்கும் ஆறாத ஏக்கம் ஏதாவது இருக்கும். அவனிடம் கேளுங்கள். சண்டை போட்டே கேளுங்கள், கோபித்துக்கொள்ள மாட்டான். கேட்டுவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள், எழுந்து நடங்கள். துணைக்கு வருவான்.

என் இடது விலாவுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. குளிக்கும்போது அதைத் தொட்டு "முருகா" என்பேன். அந்த இடம் காலியாக இருக்கிறது என்று எனக்கு ஒருநாளும் தோன்றியதில்லை.