ஆறு பேர், ஆறு நாள்

அந்த விடுதியின் சலவைக்கூடத்தில் எல்லாருக்கும் அவள் பெரியக்கா. பதினேழு வருஷமாக உருளை இஸ்திரி இயந்திரத்தின் வாயில் ஈரப் படுக்கைவிரிப்புகளை ஊட்டிக்கொண்டிருக்கிறாள். அவளோடு சேர்த்து ஆறு பேர். மூன்று பேர் காலை, மூன்று பேர் மாலை. யார் எப்போது என்று வாராவாரம் மேலாளர் எழுதி ஒட்டுவார். பசை காய்வதற்குள் சண்டை மூளும். எனக்கு மட்டும் தொடர்ந்து நாலு மாலையா என்று ஒருவர் மாற்றி ஒருவர் அவர் அறைக் கதவைத் தட்டுவார்கள்.

பெரியக்காவுக்குப் புதிர்ப் பைத்தியம் பிடித்தது ஒரு தலையணை உறையால். விருந்தாளி யாரோ விட்டுப்போன புதிர்ப் புத்தகம் அதற்குள் சிக்கி வந்தது. வரவேற்பில் கொடுத்தாள், ஒரு மாதமாகியும் யாரும் கேட்டு வராததால் அவளிடமே திரும்பி வந்தது. ஆறுக்கு ஆறு கட்டம். ஒவ்வொன்றிலும் பூஜ்யம் அல்லது ஒன்று. சட்டம் மூன்றே மூன்று. ஒரே எண் அடுத்தடுத்து மூன்று முறை வரக்கூடாது. ஒவ்வொரு வரியிலும் மூன்று பூஜ்யம், மூன்று ஒன்று. மேலிருந்து கீழாகப் பார்த்தாலும் அப்படியே. எந்த இரண்டு வரியும் அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்கக்கூடாது.

இது என்ன பெரிய வித்தை என்று பேனாவை எடுத்துக் குத்துமதிப்பாக நிரப்பினாள். கடைசி வரியில் நாலு ஒன்று வந்து பல்லை இளித்தது. முதல் வாரம் முழுக்க இதே கூத்து. பேருந்து ஓட்டுகிற அவள் வீட்டுக்காரர் சாப்பாட்டுத் தட்டிலிருந்து நிமிராமலே சொன்னார்: "வெறும் பூஜ்யத்துக்கும் ஒண்ணுக்குமே இவ்வளவு பெருமூச்சு. ஒம்பது வரைக்கும் போயிருந்தா வீடு தாங்குமா?"

பென்சிலுக்கு மாறிய பிறகுதான் பிடி கிடைத்தது. இரண்டு ஒன்று ஒட்டி நின்றால் இரு பக்கமும் பூஜ்யம். இரண்டு பூஜ்யத்துக்கு நடுவே ஓரிடம் காலியென்றால் அங்கே ஒன்றைத் தவிர வேறெதுவும் உட்கார முடியாது. மூன்று ஒன்றும் வந்துவிட்ட வரியில் மிச்சமெல்லாம் பூஜ்யம். ஊகிக்கவே வேண்டாம், நிச்சயமான கட்டம் ஒன்று எங்கோ ஒளிந்திருக்கும், அதைத் தேடினால் போதும்.

ஒரு நாள் விரிப்பை மடித்தபடி சுவரிலிருந்த பட்டியலைப் பார்த்தவள் கையை அப்படியே நிறுத்தினாள். ஆறு பேர், ஆறு நாள். காலைக்கு ஒன்று, மாலைக்குப் பூஜ்யம். நேரே மேலாளரிடம் போய், அடுத்த வாரப் பட்டியலைத் தானே எழுதட்டுமா என்று கேட்டாள். அவர் கும்பிடாத குறை. ஆனாலும் ஒரு நிபந்தனை போட்டார்: அந்த வாரம் முடியும்வரை ஒருவரும் புகாரோடு தன் கதவைத் தட்டக்கூடாது. தட்டாவிட்டால் பட்டியலும் அவளுக்கு, காலியாகக் கிடக்கும் மேற்பார்வையாளர் நாற்காலியும் அவளுக்கு. தட்டினால் இரண்டும் இல்லை.

பதினேழு வருஷமாக நின்றே வேலை பார்த்த கால்களுக்கு அந்த நாற்காலி கனவில் வந்தது.

சனிக்கிழமை பட்டியலை ஒட்டினாள். யாருக்கும் தொடர்ந்து மூன்று மாலை இல்லை. எல்லாருக்கும் சரிபாதி. ஆளாளுக்குத் தனி வரிசை. தப்பே கிடையாது என்று நிமிர்ந்தபோது, உலர்த்தி இயந்திரம் பார்க்கிறவன் முகம் சுருங்கிப்போய் மேலாளர் அறைப் பக்கம் நடந்துகொண்டிருந்தான். அவனும் துணி மடிக்கிற அவன் பெண்டாட்டியும் ஒரே ஸ்கூட்டரில் வருகிறவர்கள். பெரியக்கா இருவரையும் ஆறு நாளும் எதிரும் புதிருமாகப் போட்டிருந்தாள். புதிரில் எந்த வரியும் எந்த வரிக்கும் பெண்டாட்டி கிடையாதே.

ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள். "தம்பி, பத்து நிமிஷம் குடு. கதவைத் தொட்டுடாத."

பசை காயாத பட்டியலை உரித்து வந்து, துணி மடிக்கிற மேசையில் குனிந்து அழித்தாள். இருவருக்கும் ஒரே வரிசை எழுதப் போனால் மூன்றாம் சட்டம் கையைப் பிடித்து இழுத்தது. போனால் போகிறது என்று எழுதத் துணிந்தபோது, பெண்டாட்டிக்காரி மடித்த துண்டுகளை வைக்கிற சாக்கில் பக்கத்தில் வந்து குனிந்தாள்.

"அக்கா, முழுசா ஒண்ணாப் போட்டுடாதீங்க. வீட்லயும் அதே மூஞ்சி, இங்கயும் அதே மூஞ்சி. ரெண்டே ரெண்டு நாள் பிரிச்சு விடுங்க. நான் கேட்டேன்னு மட்டும் சொல்லிடாதீங்க."

பெரியக்காவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. இரண்டு கட்டம் வேறுபட்டாலே இரண்டு வரியும் வேறு வேறுதான், சட்டமும் பிழைத்தது. வியாழனும் வெள்ளியும் மட்டும் அவர்களைப் பிரித்தாள். தினக் கணக்கு சரியாக வர, தன் வரிசையில் முதலில் கை வைத்து, மற்றவர்களிடமும் கேட்டுக் கேட்டுத் திருத்தினாள். உலர்த்திக்காரன் முணுமுணுத்தான், ஆனால் கதவைத் தட்டவில்லை.

அந்த வாரம் முழுக்க ஒருவரும் தட்டவில்லை. மேலாளருக்கே சந்தேகம் வந்து இரண்டு முறை கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். சனிக்கிழமை நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து பெரியக்காவின் மேசையருகே போட்டார். அவள் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டாள்.

புது மேற்பார்வையாளரிடம் முதல் விண்ணப்பத்தோடு வந்தவன் உலர்த்திக்காரன். பெண்டாட்டி அந்தப் பக்கம் இருக்கிறாளா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"அக்கா, அந்த ரெண்டு நாள நாலாக்க முடியுமா?"