வெள்ளைச் சுடிதாரும் வாழைக்கறையும்

“வெளிர் கலரா? உங்க வீட்டுக்கு இது ஒரு வாரம்தான் தாங்கும்மா...”

நான் பிளஸ் டூ படித்தபோது டெய்லர் அண்ணாச்சி சொன்னது இது. பள்ளிப் பிரிவுபசார விழாவுக்கென்று சந்தன நிறத்தில் சுடிதார் தைக்கக் கொடுத்திருந்தேன். ஸ்ரீவைகுண்டத்தில் என் அம்மாவுக்கு வாழைத்தோட்டத்தில் கூலி வேலை என்பது அவருக்குத் தெரியும்.

ஆனால் அவர் கணக்கு தப்பு. மூன்று நாள்தான் தாங்கியது! அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோனேன், வெட்டிப்போட்ட வாழைத்தார் ஒன்று உரசியது... அவ்வளவுதான். வாழைக்கறையைப் பார்த்திருக்கிறீர்களா? படும்போது தண்ணீர் மாதிரி இருக்கும். காய்ந்தால் காப்பி நிறம். துவைத்துத் துவைத்துத் துணிதான் கிழியும் — கறை போகாது.

அதனால்தான் எங்கள் வீட்டில் சில சட்டங்கள். அம்மாவுக்கு அவள் அம்மா சொன்னது, எனக்கு அம்மா சொன்னது. வெளிர் நிறம் கூடாது. எந்தத் துணி எடுத்தாலும் போட்டுக் குனிந்து, குத்தவைத்து உட்கார்ந்து, எழுந்து பார்க்க வேண்டும். உள்ளே ஒரு பை வைத்துத் தைக்க வேண்டும். எங்கள் கொடியில் காய்வதெல்லாம் மெரூன், கரும்பச்சை, காப்பிப்பொடி. வேலைக்குப் போகும்போது அம்மா சேலைக்கு மேல் போடுகிற அப்பாவின் பழைய முழுக்கைச் சட்டைகூடக் கருநீலம்.

இன்ஸ்டாகிராமில் இதற்கு ‘எர்த் டோன்’ என்று பெயராம். அப்படியானால் எங்கள் குடும்பம் எப்போதுமே ஃபேஷனில்தான் இருந்திருக்கிறது!

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். இப்போது சட்டமும் படித்து முடித்துவிட்டேன். அடுத்த மாதம் சென்னையில் வக்கீலாகப் பதிவு செய்யப் போகிறேன். இதை டைப் செய்யும்போதே விரல் துள்ளுகிறது! மேலே கறுப்புக் கோட், கழுத்தில் வெள்ளைப் பட்டை. உள்ளே கறுப்பும் போடலாம், வெள்ளையும் போடலாம்.

எனக்கு வெள்ளைதான் வேண்டும்.

அம்மா முறுக்கிக்கொண்டாள். நல்ல காரியத்துக்குக் கறுப்பு ஆகாதாம். வெள்ளை நம் வீட்டுக்கே ஆகாதாம். மெரூனில் போனால் வக்கீல் ஆக்க மாட்டார்களா என்று கேட்டாள். மூன்று நாள் வாதாடினேன். கடைசியில் ஒரே வரியில் முடித்தாள்.

“வெள்ளையிலதான் போவேன்னா நீ மட்டும் போ. நான் வரல.”

அம்மா பார்க்காமல் அந்தப் பதிவு விழா மேடையில் ஏறி நான் என்ன செய்ய?

போன சனிக்கிழமை, சும்மா பார்க்க மட்டும் வா என்று கெஞ்சி, பஸ் ஏற்றி, டவுணுக்குக் கூட்டிப்போனேன். ரத வீதியில் ஒரு ஜவுளிக்கடை. வெள்ளைச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு ட்ரையல் ரூமிலிருந்து வெளியே வந்தேன். அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. தையலைப் பார்த்தாள்.

“ஏட்டி, குனி.”

குனிந்தேன். குத்தவைக்கச் சொன்னாள். கடையில் இத்தனை பேர் நிற்க, களை பிடுங்குகிறவள் மாதிரி நான்! கோர்ட்டில் யாரும் குத்தவைக்க மாட்டார்கள் என்று விற்பனைப் பெண் மெல்லச் சொல்லிப் பார்த்தாள்.

“ஃபைலு கீழ விழுந்தா நீ வந்து எடுத்துக் குடுப்பியாக்கும்?” என்று கேட்டு அவள் வாயை அடைத்துவிட்டு, அம்மா என் பக்கம் திரும்பினாள். “இதுல கறை பட்டா என்ன செய்வ?”

கூச்சத்தில் எனக்கு எரிச்சல். “நான் என்ன வாழைத்தாரா சுமக்கப் போறேன்?” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் உறைத்தது. அம்மா கோபப்படவில்லை. என் தோளில் இருந்த சுருக்கத்தை நீவிவிட்டாள் — விரல் படாமல், புறங்கையால். அவள் விரல்களில் அன்றைக்குக் காலையில் பட்ட கறை இருந்தது.

“சுமக்க மாட்ட. அதுக்குத்தானே நான் சுமக்கேன்.”

பிறகு விற்பனைப் பெண்ணிடம் சொன்னாள்: “இதே அளவுல இன்னொன்னு எடும்மா. துவைச்சுப் போட்டா மாத்துக்கு வேணும்லா.”

தீர்ப்பு வந்துவிட்டது!

அம்மாக்கள் போடும் உடைச் சட்டம் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு வேலை இருக்கிறது. வேலை மாறினால் சட்டத்தைத் திருத்த அவர்கள் தயார்தான்... நாம்தான் அது ஏன் வந்தது என்று கேட்காமல் சண்டைக்கு நிற்கிறோம். வாதாடத் தெரிந்த எனக்கே இது கடையில் வைத்துத்தான் புரிந்தது.

அம்மா இதுவரை மதுரையைத் தாண்டியதில்லை. நேற்று சென்னைக்கு ரயிலில் இரண்டு டிக்கெட் போட்டுவிட்டேன் — ஜன்னலோரம் அம்மாவுக்கு.