கழற்றச் சொன்னது நான்தான்

பெரகல சந்தியில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தபோது பாடசாலை அதிபர் போன் செய்தார். "மிஸ், நம்ம அருளப்பன் சேர் போயிட்டாரு. காலையில நெஞ்சு வலிக்குதுன்னு உக்காந்தவருதானாம்." எனக்கு முதலில் வந்த நினைப்பு, சனிக்கிழமை வலைப்பந்து மேட்சுக்குப் பிள்ளைகளை யார் கூட்டிக்கொண்டு போவது என்பதுதான். அழுகை அதற்குப் பிறகுதான் வந்தது. ஒரு மனுஷர் செத்த செய்தியில் இப்படியா புத்தி போகும் என்று நின்ற இடத்திலேயே கூசிப்போனேன்.

அவர் எங்கள் தோட்டப் பாடசாலையின் உடற்கல்வி ஆசிரியர். நான் கணிதம். பெண் பிள்ளைகள் வெளியே ஆடப் போனால் ஒரு டீச்சர் கூடப் போக வேண்டும் என்பதால் எப்போதும் என்னைத்தான் பிடித்து அனுப்புவார்கள். எனக்கும் விளையாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். கோட்டுக்கு வெளியே குடையைப் பிடித்துக்கொண்டு, எப்போது முடியும் என்று உட்கார்ந்திருப்பேன்.

கொழும்பில் வேலை செய்யும் பழைய மாணவி ஒருத்தி சில வருடங்களுக்கு முன் ஒரு பெட்டி நிறையப் பற்கவசங்கள் அனுப்பியிருந்தாள். ரப்பர் மாதிரி ஒரு சின்ன உறை. வெந்நீரில் இளக்கி மேல்பல்லில் வைத்துக் கடித்தால் அந்தந்தப் பிள்ளையின் பல்லுக்கு ஏற்றபடி படிந்துவிடும். சேர் பிளாஸ்கில் வெந்நீர் கொண்டுவந்து, "கடி, சிரிக்காமக் கடி" என்று ஒவ்வொருத்திக்கும் வைத்துவிட்டார். "சேர், குரங்கு மாதிரி இருக்கு" என்றாள் ஒருத்தி. "குரங்குக்கு எல்லாப் பல்லும் இருக்கு, போய் ஆடு" என்றார்.

அந்த வருடம் வலய மட்ட இறுதிப் போட்டி பதுளையில் நடந்தது. நடுவில் ஆடியவள் சுகந்தி. கவசம் வாயில் இருந்ததால் அவள் கூப்பிடுவது யாருக்கும் விளங்கவில்லை. பந்து எதிரணிக்குக் கை மாறிப் போய்க்கொண்டே இருந்தது. சேருக்குப் பொறுமை போய்விட்டது. "அந்தச் சனியனக் கழட்டி வச்சிட்டு வாயத் தொறந்து கூப்பிடு" என்று கத்தினார். அவள் ஓடி வந்தாள். நான் கையை நீட்டினேன். எச்சில் ஈரத்தோடு அதை என் உள்ளங்கையில் வைத்துவிட்டுப் போனாள்.

சற்று நேரத்தில் எதிரணிப் பிள்ளையின் முழங்கை அவள் வாயில் பட்டது. முன்பல் ஒன்று பாதி உடைந்தது. பக்கத்துப் பல் வேரோடு வந்துவிட்டது. விழுந்த பல்லை நான் கைலேஞ்சித் துணியால் நன்றாகத் துடைத்துச் சுற்றி எடுத்துப் போனேன். "துடைக்காம, பால்ல போட்டு உடனே கொண்டு வந்திருந்தா திரும்ப வச்சுப் பாத்திருக்கலாமே" என்றார் டொக்டர். கிரவுண்டுக்கு எதிரிலேயே கடை இருந்தது. மேட்சில் நாங்கள் வென்றோம்.

மறுநாள் ஹாலிஎலப் பக்கம் தோட்ட லயத்தில் இருந்த சுகந்தியின் வீட்டுக்கு இருவரும் போனோம். அவள் அம்மா எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, "வெளாட்டுல இதெல்லாம் நடக்கிறதுதானுங்களே சேர்" என்றார். கேட்டதும் எனக்கு அப்பாடா என்றிருந்தது. சேர் கிளாஸைக் கீழே வைத்தார். "வெளாட்டுல நடக்கலம்மா. கழட்டச் சொன்னது நான்தான். கப்புக்காகச் சொன்னேன்." அந்த அம்மா எங்களைப் பார்ப்பதை விட்டுவிட்டார். சுகந்தி வாயைப் பொத்திக்கொண்டு கதவோரம் நின்றாள். நான் தேத்தண்ணியைக் குடித்து முடித்தேன்.

அவரை அறிந்து, இந்த நினைவுக் குறிப்பை வாசிக்கும் நீங்கள் இந்தக் கதையை அவர் வாயாலேயே கேட்டிருப்பீர்கள். எந்த கிரவுண்டுக்குப் போனாலும், யாரும் கேட்காமலே சொல்லுவார். அதில், கவசத்தை வாங்க நீண்ட என் கையை மட்டும் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குத்தான் எரிச்சலாக வரும். "எத்தன தடவ சேர் சொல்லுவீங்க, போதும்" என்று ஒருமுறை சிடுசிடுத்தேன். "வெக்கமா இருக்கிற வரைக்கும் சொல்லுவேன் மிஸ். வெக்கம் விட்டுப்போச்சுன்னா இன்னொரு புள்ளயக் கழட்டச் சொல்லிருவேன்" என்றார்.

பிறகு ஆட்டத்தையே மாற்றினார். "வாயால கூப்பிடாத, கையத் தட்டு" என்று பழக்கினார். ஒரு தட்டு, இரண்டு தட்டு என்று அவர்களுக்குள் ஒரு கணக்கு. மற்றப் பாடசாலைக்காரர்கள் எங்களைப் பஜனை கோஷ்டி என்றார்கள். பிள்ளைகள் வளர வளரப் பழைய கவசம் பொருந்தாது என்று பாடசாலைத் தவணைக்குத் தவணை பிளாஸ்கோடு வந்து நிற்பார். கவசம் இல்லாதவள் கோட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. அதில் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

அடக்கம் முடிந்த அதே வாரம், சனிக்கிழமை, வேறு ஆளில்லாமல் நானே பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். எங்கள் கோல்கள் எல்லாம் நிரோஷா கையில்தான் இருக்கின்றன. அவள் கண் கலங்க வந்து நின்றாள். "மவுத் கார்ட நாய் கடிச்சிருச்சு மிஸ். இன்னைக்கு மட்டும் ஆடுறேன்." மற்றவர்களும் சூழ்ந்துகொண்டார்கள். "சேருக்காக ஜெயிக்கணும் மிஸ். அவ இல்லாட்டி முடியாது." ஆட்டம் பார்க்க வந்திருந்த அதிபரும் பக்கத்தில் வந்து, "ஒரு மேட்சுதானே மிஸ்" என்றார்.

எனக்கும் ஜெயிக்க வேண்டும் போலிருந்தது. "சரி, கவனமா ஆடு" என்ற வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அவள் முகத்தைப் பார்த்தேன். வரிசையான பற்கள். "உக்காரு" என்றேன். ஆட்டம் முடியும்வரை என் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டே இருந்தாள். படுதோல்வி. திரும்பும் வேனில் ஒரு பிள்ளையும் என்னோடு பேசவில்லை. "சேர் இருந்திருந்தா ஜெயிச்சிருப்போம்" என்று பின்னால் யாரோ சொன்னார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அருளப்பன் சேரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொள்வது அவருடைய வெட்கத்தை. அன்று தோற்றதற்காக எனக்குத் துளியும் வெட்கமில்லை. அவரைப் புதைத்த மண் காய்வதற்குள் "சரி" என்று சொல்ல வாயெடுத்தேனே, அதற்குத்தான்.